வீடியோ கேமை அருங்காட்சியகத்தில் வைக்கும் அளவுக்குக் கலை என்று சொல்ல முடியுமா?

சொல்லலாம். வைத்தும் விட்டார்கள். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் 2012-இல் 80 கேம்களைக் கொண்டு ஒரு கண்காட்சி நடத்தியது. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும் பேக்மேன், டெட்ரிஸ் உட்பட 14 கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. கறாராகப் பார்த்தால் அங்கே வாங்கியது கட்டடக்கலை, வடிவமைப்புத் துறை. ஓவியப் பிரிவு அல்ல. அது அவர்கள் வீட்டுப் பஞ்சாயத்து.

எனக்கு உள்ள கேள்வி, எப்படி வைப்பது என்பதுதான். நான் வேலூர்க்காரன். வட ஆற்காட்டில் பிறந்தவர்களுக்குத் தெருக்கூத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கூத்துக்காரர் கட்டும் கிரீடத்தையும், தோளில் கட்டும் புஜகீர்த்தியையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் மரவேலை தெரியும், கண்ணாடிச் சில்லு மினுக்கும். கூத்து தெரியுமா? விடிய விடிய உட்கார வேண்டும். துரியோதனன் வீழும் படுகளத்தன்று ஊரே அதில் பாதி வேஷக்காரர்தான். கேமும் அந்த ஜாதிதான். கையில் எடுக்காதவருக்கு அது வெறும் ஓடும் படம்.

சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2010-இல், கேம்கள் ஒருபோதும் கலையாக முடியாது என்று எழுதினார். கேமில் ஜெயிக்கலாம், கலையில் ஜெயிக்க என்ன இருக்கிறது என்பது அவர் வாதங்களில் ஒன்று. நல்ல வாதம்தான். ஆனால் நியூயார்க்கில் சேர்த்த அந்த 14 கேம்களில் ஒன்றான 'பேசேஜ்' அதற்குள் அடங்காது. ஜேசன் ரோரர் செய்தது, மொத்தமே 5 நிமிடம். வலப்பக்கம் நடந்துகொண்டே போகிறீர்கள், மெல்ல வயதாகிறது. வழியில் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டால் துணைக்கு ஆள் கிடைக்கும்; ஆனால் இருவராகக் குறுகலான சந்துகளில் நுழைய முடியாது, அங்கே இருக்கும் புதையல் பெட்டிகள் கைவிட்டுப் போகும். பிறகு அவள் இறக்கிறாள். கொஞ்ச நேரத்தில் நீங்களும். புள்ளிகள் ஏறும், ஏறி என்ன? இதைக் கதையாகக் கேட்டால் 'சரி, அதனால்?' என்று தோன்றும். அந்தச் சந்தில் நுழைய முடியாமல் நீங்களே முட்டி நிற்கும்போதுதான் உறைக்கும்.

5 நிமிட கேமை மண்டபத்தில் வைப்பது சுலபம். 'ஈவ் ஆன்லைன்' மாதிரி ஆயிரக்கணக்கானோர் வருடக்கணக்கில் விளையாடும் உலகத்தை என்ன செய்வது? நியூயார்க்கில் அதை ஒரு வீடியோவாகத்தான் காட்டினார்கள். வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது கிரீடம் இருக்கும் கண்ணாடிப் பெட்டிதான்.

வேலூர் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகம் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. 'பேசேஜ்' இலவசமாகவே கிடைக்கிறது. பழைய கம்ப்யூட்டர் ஒன்று, நாற்காலி ஒன்று. அப்புறம் பள்ளிப் பிள்ளைகள் டூர் வரும் நாளில், "போதும் தம்பி, அடுத்த ஆளுக்கு விடு" என்று சொல்ல ஒரு பொறுமைசாலி.