பி7 சிப்பாயை மார்ஃபி ஏன் வெட்டவில்லை?

கேள்வி: 1858-இல் பாரிஸ் ஆப்பரா அரங்கில் அமெரிக்க வீரர் பால் மார்ஃபி வெள்ளைக் காய்களுடன் ஆடிய புகழ்பெற்ற சதுரங்க ஆட்டத்தை என் மகளோடு பலகையில் வைத்துப் பார்த்தேன். எட்டாவது நகர்வில் பி7 சிப்பாயை (பி வரிசையின் ஏழாம் கட்டத்தில் இருந்ததை) ராணியால் சும்மாவே வெட்டியிருக்கலாம். அதை விட்டுவிட்டவர், பிறகு குதிரை, யானை, ராணி என்று தம் காய்களை வரிசையாகக் கொடுப்பது ஏன்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அந்தச் சிப்பாயை வெட்டுவது தவறாகாது. ஆனால், வெட்டியதும் கறுப்பு ராணி பி4-க்கு வந்து செக் கொடுக்கும். இரு ராணிகளும் பலகையை விட்டுப் போகும். ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு வெள்ளை நெடுநேரம் போராட வேண்டியிருக்கும்.

அப்போது 21 வயதாயிருந்த மார்ஃபி வேறு கணக்குப் போட்டார். எதிரே கலந்துபேசி ஆடிய பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும், ஜி4-க்கு அனுப்பிய மந்திரியை அடுத்த நகர்விலேயே வெள்ளைக் குதிரைக்கு ஈடாகக் கொடுத்து, வெள்ளை ராணி வெளியே வரத் தாங்களே வழிவிட்டிருந்தார்கள். பின்னர் எஃப்7-ஐக் காப்பதற்காகத் தங்கள் ராணியை இ7-இல் நிறுத்தியதால், எஃப்8-இல் இருந்த மற்ற மந்திரிக்கும் எச்8 யானைக்கும் வழி அடைபட்டது. இப்படி நெரிசலில் தவிப்பவரோடு ராணிகளை மாற்றிக்கொண்டால், அவருக்கு மூச்சுவிட இடம் கிடைத்துவிடும். ஆகவே மார்ஃபி குதிரையை சி3-க்குக் கொண்டுவந்தார். பி4-இலிருந்து செக் கொடுக்கும் வழி அதனால் மூடிற்று. பி7 மீதான மிரட்டல் அப்படியே நின்றது. ஒரு காயும் களம் இறங்கிற்று. எனக்கு இந்த ஆட்டத்தில் ராணிப் பலியைவிட அழகாகத் தெரிவது ஆரவாரமில்லாத இந்த நகர்வுதான்.

ஒன்பதாவது நகர்வில் ஜி5-க்கு மந்திரி வந்தபோது வெள்ளையின் நான்கு காய்கள் வெளியே நின்றன, கறுப்புக்கு இரண்டே. கறுப்பு பி5 என்று சிப்பாயைத் தள்ளி, சி4-இல் இருந்த மந்திரியை விரட்டப் பார்த்தது. பின்வாங்கினால் சேர்த்துவைத்த நேரமெல்லாம் வீணாகும் என்பதால், மார்ஃபி குதிரையைக் கொடுத்து இரண்டு சிப்பாய்களை எடுத்தார். இப்போது பி5-இலும் ஜி5-இலும் இருந்த மந்திரிகள் கறுப்பின் இரு குதிரைகளையும் கட்டிப்போட்டன. ராணிப் பக்கம் கோட்டை கட்டியதும் (ராஜாவையும் யானையையும் சேர்த்து நகர்த்தியதும்) யானை ஒரே நகர்வில் டி வரிசைக்கு வந்தது. அது டி7 குதிரையை வெட்டி மடிந்தவுடன், அதன் இடத்துக்கு எச்1 யானை வந்தது. கறுப்பிடம் அப்படி வந்து தோள்கொடுக்க ஒரு காயும் இல்லை. எஃப்8 மந்திரியும் எச்8 யானையும் கடைசிவரை அசையவே இல்லை.

ராணியை பி8-இல் கொடுத்ததற்கும் காரணம் தெளிவானது. அதை வெட்ட, அதற்குள் டி7-க்கு வந்திருந்த கறுப்பின் மற்றக் குதிரை நகர்ந்தே ஆகவேண்டும். நகர்ந்தால் டி வரிசை திறக்கும். பதினேழாவது நகர்வில் யானை டி8-இல் இறங்கியபோது, அதற்குக் காவலாகவும் இ7-ஐ மறிக்கவும் ஜி5 மந்திரி போதுமாயிருந்தது. கறுப்பிடம் ராணி, யானை, மந்திரி, குதிரை நான்கும் இருந்தும் செக்மேட்.

ஒன்பதாவது நகர்வில் பி5-க்குப் பதிலாகக் கறுப்பு ராணியை சி7-க்கு நகர்த்தி, பி7-ஐயும் எஃப்7-ஐயும் காத்தபடியே மந்திரிக்கு வழி திறந்திருக்கலாம். அப்போதும் வெள்ளையின் கையே ஓங்கியிருக்கும், ஆனால் வெல்வது இத்தனை எளிதாக இருந்திராது. அந்த நிலையிலிருந்து மகளோடு ஆடிப்பாருங்கள்; கறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.