பழைய வீடு, புதிய சன்னல்

கேள்வி: அமெரிக்க நகராட்சி ஒன்றின் வீட்டுவசதிப் பிரிவில் இருக்கிறேன். 1920-களில் கட்டிய வீட்டை மத்திய வீட்டுவசதித் துறை நிதியில் பழுதுபார்க்கிறோம். ஒப்பந்தம் போட்டபின் மரபுக் கட்டட ஆய்வை முடிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. மரபுக் கட்டட ஆய்வு, மத்திய நிதிக்கான சுற்றுச்சூழல் ஆய்வின் ஒரு பகுதி. அது முடியுமுன் ஒப்பந்தம் போட்டால் அந்த நிதியே கைநழுவலாம். நகராட்சியின் சொந்தப் பணத்தில் போட்டாலும் இதே கதிதான். 1966 மரபுப் பாதுகாப்புச் சட்டம், 106-ஆம் பிரிவுப்படி, நிழற்படங்கள், பணி விவரம், பணியின் பாதிப்பு எட்டும் எல்லையைக் காட்டும் வரைபடம், மரபுக் கட்டடத்துக்குப் பாதிப்பு உண்டா என்ற உங்கள் முடிவு ஆகியவற்றை மாநில மரபுப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்புங்கள். முழு ஆவணம் கிடைத்த நாளிலிருந்து அவர் பதில் தர 30 நாள். ‘சன்னல் மாற்றம்’ என ஒற்றை வரியில் எழுதினால் கூடுதல் விவரம் கேட்பார்கள். நாள் கணக்கும் தொடங்காது. இருக்கும் மரச்சன்னலைச் செப்பனிட்டு, வெளியே கூடுதல் கண்ணாடிச் சட்டம் பொருத்துவதாக எழுதுங்கள். வினைல் (பிளாஸ்டிக்) சன்னல் என்றால் ‘பாதகமான விளைவு’ என்று முடிவாகி, அதைச் சரிக்கட்ட அலுவலருடன் தனி உடன்படிக்கை வரை போகலாம்.