தனிக் கிளினிக் நடத்தும் கண் மருத்துவர் எதை, எங்கே, எப்படிக் கற்பது?

கேள்வி: 2012இல் எம்.எஸ். முடித்தேன். குடியாத்தத்தில் தனியாகக் கண் கிளினிக் நடத்துகிறேன். வாரத்தில் ஒரு நாள் வேறொரு மருத்துவமனையில் கண்புரை அறுவை சிகிச்சை செய்கிறேன். தொடர் மருத்துவக் கல்விக்கான கிரெடிட் மணிகளைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. மாநாட்டுக்குப் போனால் கிளினிக்கை மூட வேண்டும், செலவும் அதிகம். ஒரு மருந்து கம்பெனி பயணச் செலவை ஏற்பதாகச் சொல்கிறது. ஏற்கலாமா? ஆன்லைன் வகுப்புகள் மட்டும் போதுமா? என் போன்றவர்கள் எதைக் கற்பது பயன் தரும்?

பதில்: முதலில் விதியைப் பார்த்துவிடுவோம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, மருத்துவர் ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சிகளில் பங்கேற்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய விதிகளை வெளியிட்டது. அதே மாதத்தில் அவற்றை நிறுத்தி வைத்ததால் பழைய விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. நிகழ்ச்சிக்குப் பணம் கட்டும் முன், மாநிலக் கவுன்சிலின் கிரெடிட் ஒப்புதல் பெறப்பட்டிருக்கிறதா, எத்தனை மணிக்கு என்று அமைப்பாளர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஆன்லைன் தளங்கள் தரும் சான்றிதழ் தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம், கவுன்சிலிடம் எழுதிக் கேளுங்கள்.

மருந்து கம்பெனியின் பணத்தை வாங்காதீர்கள். மருந்து நிறுவனங்களிடமிருந்து பரிசு, பயண வசதி, விருந்தோம்பல் பெறுவதை 2009இல் செய்த திருத்தம் மருத்துவர்களுக்குத் தடை செய்திருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். யார் செலவில் கற்றோமோ அவர்களுடைய சொட்டு மருந்துதான் மறுநாள் சீட்டில் முதலில் வந்து நிற்கும்.

ஆண்டுக்குச் சராசரி ஆறு மணி நேரம். மாநிலக் கண் மருத்துவர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்கு ஒருமுறை போய்வந்தாலே இதில் பெரும்பகுதி சேர்ந்துவிடும். மணிக்கணக்கைப் பற்றிக் கவலைப்பட அவசியமில்லை. உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அதற்கான விடை எந்த மாநாட்டு நிகழ்ச்சி நிரலிலும் இல்லை, உங்கள் கிளினிக் பதிவேட்டில் இருக்கிறது. கடந்த மூன்று மாதச் சீட்டுகளை எடுத்துவைத்து மூன்று வகை நோயாளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: வேறு இடத்துக்கு அனுப்பியவர்கள், என்ன நோய் என்று உறுதியாகச் சொல்ல முடியாதவர்கள், மருந்து கொடுத்தும் தேறாதவர்கள். குடியாத்தம் பக்கத்தில் அந்தப் பட்டியலில் என்ன வரும் என்பதை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது.

முதலில் குளுக்கோமா, அதாவது பெரும்பாலும் கண் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு பாதிக்கப்படும் நோய். வேலூர் நகரில் 30 முதல் 60 வயதுக்குட்பட்டவர்களிடையே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) கண் மருத்துவர்கள் நடத்திய கணக்கெடுப்பு 1998இல் வெளியானது. அதன்படி கோணம் (கண்ணின் உள்நீர் வடியும் இடம்) மூடிய குளுக்கோமா ஆயிரம் பேரில் சுமார் 43 பேருக்கு இருந்தது, கோணம் திறந்த வகை சுமார் நான்கு பேருக்குத்தான். மேலைநாட்டுப் பாடநூல்கள் கோணம் திறந்த வகைக்கே அதிகப் பக்கங்களைத் தருகின்றன. நம் ஊர்க் கண்கள் அந்த விகிதத்தில் இல்லை. ஆனாலும் கோனியாஸ்கோப்பி (லென்ஸ் வைத்துக் கோணத்தைப் பார்க்கும் சோதனை) செய்யாமல், அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டுச் சொட்டு மருந்து எழுதும் வழக்கம் நம்மிடையே இன்னும் பரவலாக இருக்கிறது. இது என்னை மிகவும் வருத்தும் விஷயம். நான்கு கண்ணாடிகள் கொண்ட ஒரு லென்ஸ், ஒரு இருட்டறை, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஸ்லிட் லாம்ப், இவை போதும். ஒளிக்கற்றை குறுகியதாக இருக்க வேண்டும், கண்மணிக்குள் விழக் கூடாது. விழுந்தால் கண்மணி சுருங்கி, மூடிய கோணமும் திறந்ததுபோலத் தெரியும். லென்ஸை லேசாக அழுத்தும்போது கோணம் திறக்கிறதா, ஒட்டிப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை வீடியோவில் ஆயிரம் முறை பார்த்தாலும் கை பழகாது. பழகிய ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பார்த்த கண்ணையே நீங்களும் பார்த்து, இருவரும் தனித்தனியாக எழுதியதை ஒப்பிட்டால்தான் பழகும்.

இதைச் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோணம் குறுகிய, ஆனால் நோய் இன்னும் வராத கண்ணுக்கு, கண்மணியைச் சுற்றியுள்ள திரையில் லேசர் துளை போடலாமா என்று நீங்கள் அடிக்கடி யோசிக்க நேரும். வேலூரில் அத்தகைய 50 பேரை ஐந்து ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது 11 பேருக்கு, அதாவது 22 சதவீதத்தினருக்கு, அடுத்த நிலைக்கு முற்றியிருந்தது. 2019இல் வெளியான சீனாவின் குவாங்சோ ஆய்வு 889 பேரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்தது. அங்கே லேசர் போடாத கண்களிலும் நோய் மிகக் குறைவாகவே முற்றியது. ஆகவே எல்லோருக்கும் லேசர் தேவையில்லை என்று அந்த ஆய்வாளர்கள் கூறினார்கள். இரண்டில் எதை நம்புவது? முந்தையது சிறியது, ஆனால் நம் மக்களைப் பற்றியது. பிந்தையது பெரியது, கட்டுப்பாடுகளுடன் நடந்தது, ஆனால் வேறு இனத்தவரைப் பற்றியது. என் வழக்கம் இதுதான்: பேரணாம்பட்டைத் தாண்டி உள்கிராமத்திலிருந்து வருபவர், மறுபடி வருவாரா என்று தெரியாதவர், குடும்பத்தில் குளுக்கோமா உள்ளவர், சர்க்கரை நோய்க்காக அடிக்கடி கண்மணியை விரிக்க வேண்டியவர் என்றால் லேசர் போடுவேன். பக்கத்திலேயே இருந்து தவறாமல் வருபவர் என்றால் ஆண்டுதோறும் பார்ப்பேன். நீங்கள் வேறு முடிவுக்கும் வரலாம். இரண்டு கட்டுரைகளையும் படித்துவிட்டு வாருங்கள் என்பதே என் வேண்டுகோள். தொடர் கல்வி என்று நான் எண்ணுவது இப்படிப் படிப்பதைத்தான்.

நீங்கள் படித்து முடித்த பிறகு மாறியவை வேறு சிலவும் உண்டு. கோணம் திறந்த குளுக்கோமாவுக்கும் உயர்ந்த கண் அழுத்தத்துக்கும் சொட்டு மருந்துக்கு முன்பே எஸ்.எல்.டி. (கோணத்தில் நீர் வடிவதை எளிதாக்கும்) லேசரைத் தொடங்கலாம் என்பதை 2019இல் வெளியான லைட் ஆய்வு நிலைநாட்டியது. கோணத்தைப் பார்க்கத் தெரியாதவருக்கு இந்த அறிவால் பயனில்லை.

அடுத்தது கருவிழிப் புண். நெற்கதிர், கரும்புத் தோகை, வைக்கோல் பட்டு வரும் புண்களில் பூஞ்சைக்கு முக்கிய இடம் உண்டு. அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், இழைப் பூஞ்சைப் புண்ணுக்கு 5 சதவீத நடமைசின், 1 சதவீத வோரிகொனசோலைவிட நல்ல பலன் தந்தது. பியூசேரியம் வகையில் வேறுபாடு தெளிவாகவே தெரிந்தது. புதிய மருந்தும் விலை கூடிய மருந்தும் சிறந்தவையாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தை அந்த ஆய்வு தகர்த்தது. ஆனால் பூஞ்சை என்று தெரிந்தால்தானே நடமைசின் எழுத முடியும்? புண்ணைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போட்டுக்கொண்டும், பச்சிலைச் சாறு விட்டுக்கொண்டும் வருகிறவர்கள் நம்மிடம் உண்டு. அவர்களுக்கு முதல் நாளே சரியான மருந்து தொடங்கினால் கண் பிழைக்கும். கருவிழியைத் தொடும் முன் பஞ்சு நுனியால் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கமும் வேண்டும். இமை மூட முடியாத, உணர்ச்சியிழந்த தொழுநோய்க் கண்களை எப்படிக் காப்பது என்பதில் டாக்டர் மார்கரெட் பிராண்ட் செய்த பணி வேலூருக்கும் அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனைக்கும் சொந்தமானது. அந்த நோயாளிகளில் சிலர் இன்னும் வருகிறார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் புழங்குகின்றன. இரண்டும் கடும் காரம். காரம் கருவிழியைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். இப்படி வருபவரிடம் பார்வை எவ்வளவு என்று அளக்க உட்காராதீர்கள். முதலில் கண்ணைக் கழுவுங்கள், மேல் இமையை இரட்டையாகத் திருப்பி ஒளிந்திருக்கும் சுண்ணாம்புத் துகளை எடுங்கள், பி.எச். தாள் நடுநிலை காட்டும் வரை கழுவுங்கள், பிறகு பார்வையை அளக்கலாம். இதை உங்கள் உதவியாளருக்கும் வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுங்கள், நீங்கள் வருவதற்குள் அவர்கள் கழுவத் தொடங்கிவிடுவார்கள். தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

காசநோய் மருந்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேசியத் திட்டம் 2017 வாக்கில் தினசரி மருந்து முறைக்கு மாறியதிலிருந்து எதாம்புடால் முதல் இரண்டு மாதங்களோடு நிற்காமல் ஆறு மாதமும் தொடர்கிறது. பார்வை நரம்பைப் பாதிக்கும் வாய்ப்புள்ள மருந்து இது. காசநோய் சிகிச்சையில் இருப்பவர் பார்வை மங்குகிறது என்று வந்தால் கண்ணாடி எழுதி அனுப்பிவிடாமல், நிறப் பார்வையையும் சோதித்துவிட்டு, மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் அன்றே பேசுங்கள்.

கண்புரைக்கு நீங்கள் தேடும் ஆசிரியர் உங்கள் சொந்த எண்களில் இருக்கிறார். பேக்கோ (ஒலியலையால் புரையை உடைத்து எடுக்கும் முறை) பயிற்சிக்குப் போகலாமா என்று கேட்பவர்களிடம், இப்போது செய்யும் அறுவையின் முடிவு என்ன என்று நான் திருப்பிக் கேட்பேன், பெரும்பாலோரிடம் பதில் இருக்காது. ஒவ்வொரு நோயாளிக்கும் மறுநாள் பார்வை, கண்ணாடியுடனும் இல்லாமலும் ஆறாவது வாரப் பார்வை, லென்ஸின் பின்புற உறை கிழிந்ததா என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சரிசெய்த பிறகு 6/18 அல்லது அதைவிடச் சிறந்த பார்வை குறைந்தது 90 சதவீதத்தினருக்கு வேண்டும், 6/60க்குக் கீழே 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த பழைய அளவுகோல். இன்றைய எதிர்பார்ப்பு 6/12. உறை அதிகம் கிழிந்தால் அறுவைக் கைத்திறனில் பயிற்சி தேவை. உறை நன்றாக இருந்தும் பார்வை குறைந்தால், பொருத்தும் லென்ஸின் பவரைக் கணிக்கக் கண்ணை அளக்கும் பயோமெட்ரியைக் கவனியுங்கள். அதற்கு பேக்கோ பயிற்சி உதவாது.

எங்கே கற்பது? வேலூர் ஆரணி சாலையில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே மாணவராகத்தான் போக வேண்டும் என்றில்லை. நீங்கள் அனுப்பும் நோயாளியோடு, அனுமதி பெற்று, நீங்களும் போய் அவருக்கு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். கைப்பயிற்சிக்கு மதுரை அரவிந்தில் குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன, சென்னையில் சங்கர நேத்ராலயாவும் எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனையும் இருக்கின்றன. காட்பாடியிலிருந்து சென்னை சுமார் 130 கிலோமீட்டர். காலை ரயிலில் போய் இரவு திரும்பிவிடலாம், கிளினிக் ஒரு நாள்தான் மூடியிருக்கும்.

ஆன்லைனைப் பொறுத்தவரை, படிப்பதற்கும் கேட்பதற்கும் அது தாராளமாகப் போதும். ஆர்பிஸ் என்ற கண் நலத் தொண்டு நிறுவனம் நடத்தும் சைபர்சைட் தளம், இந்தியன் ஜர்னல் ஆஃப் ஆப்தல்மாலஜி, லண்டனிலிருந்து வரும் கம்யூனிட்டி ஐ ஹெல்த் ஜர்னல் ஆகியவற்றை இலவசமாகவே படிக்கலாம். சைபர்சைட்டில் நோயாளி விவரத்தைப் பெயரில்லாமல் அனுப்பி ஆலோசனையும் கேட்கலாம். கைத்திறனை மட்டும் திரை சொல்லித்தராது.

தனியாகப் பயிற்சி செய்யும் மருத்துவருக்குப் பெரிய ஆபத்து, தன் தவறைச் சொல்ல ஆள் இல்லாததுதான். குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, வாலாஜாவிலிருந்து நான்கைந்து பேர் மாதம் ஒரு மாலை கூடுங்கள். ஆளுக்கு ஒரு நோயாளி, அதுவும் சரியாகப் போகாத ஒன்று. மருந்துப் பிரதிநிதி வேண்டாம், இரவுச் சாப்பாட்டுச் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் படம் பகிர்ந்தால் நோயாளியின் சம்மதம் வேண்டும், பெயரும் முகமும் தெரியக் கூடாது.

இன்னொரு பொறுப்பும் உங்களுக்கு உண்டு. எடை 2,000 கிராமுக்குக் கீழோ 34 வாரங்களுக்கு முன்போ பிறந்த குழந்தையின் விழித்திரையை, பிறந்த 30 நாட்களுக்குள் பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தாலோ 1,200 கிராமுக்குக் குறைந்தாலோ இரண்டு மூன்று வாரங்களிலேயே பார்க்க வேண்டும். சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் இந்தப் பரிசோதனை செய்யப்படாமல் பார்வை இழந்த குழந்தைக்கு ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் 2015இல் உத்தரவிட்டது. மறைமுக ஆப்தல்மாஸ்கோப் உங்கள் கைக்குப் பழகியிருந்தால் குறைமாதக் குழந்தையின் விழித்திரையைப் பார்க்கத் தனிப் பயிற்சி எடுங்கள். பழகவில்லை என்றால், உங்கள் ஊரில் பச்சிளங் குழந்தைப் பிரிவு வைத்திருக்கும் மருத்துவர்களைச் சந்தித்து, எந்தக் குழந்தையை எந்த நாளுக்குள் வேலூருக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். இதற்குக் கிரெடிட் மணி எதுவும் கிடைக்காது, இந்த வாரமே செய்யுங்கள்.