கஞ்சா மருந்தா, போதைப்பொருளா? ஒன்றும் தெரியாதவருக்குப் புரியும்படி சொல்லுங்கள்

மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இதே கேள்வியைக் கடையிலும் அடிக்கடி கேட்கிறார்கள். செடியின் எந்தப் பகுதி, அதில் உள்ள எந்தப் பொருள் என்று பிரித்துப் பார்த்தால்தான் இதற்குச் சரியான பதில் கிடைக்கும்.

பெண் செடியின் பூங்கொத்தைக் காயவைத்தால் கஞ்சா. பிசினைத் திரட்டினால் சரஸ். இலையை அரைத்தால் பாங்கு. விதையில் போதை கிடையாது. விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக விற்க நம் நாட்டிலேயே 2021 முதல் விதிமுறை இருக்கிறது.

போதை தருவது டி.எச்.சி. என்ற பொருள். 1964-ல் இஸ்ரேலில் மெஷூலம், கவோனி இருவரும் அதைப் பிரித்தெடுத்தார்கள். செடியில் உள்ள இன்னொரு முக்கியமான பொருள் சி.பி.டி. அதில் போதை இல்லை.

இரண்டிலிருந்தும் மருந்துகள் வந்திருக்கின்றன. கீமோதெரபியால் வரும் வாந்திக்கு, ஆலையில் தயாரித்த டி.எச்.சி. மாத்திரையை 1985-லேயே அமெரிக்கா அனுமதித்தது. குழந்தைகளுக்கு வரும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு சி.பி.டி. மருந்தான எபிடியோலெக்ஸ் 2018-ல் அனுமதி பெற்றது.

இந்த வலிப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் விற்கும் சி.பி.டி. எண்ணெயை வலிப்பு உள்ள பையனுக்குக் கொடுக்கலாமா என்று ஒரு அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். ஆய்வுகளில் கொடுத்த மருந்தின் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினமும் 10 முதல் 20 மில்லிகிராம். அதாவது 20 கிலோ பிள்ளைக்கு 200 மில்லிகிராமுக்குக் குறையாது. அப்போதும் வலிப்பு குறைந்ததே தவிர, பெரும்பாலான பிள்ளைகளுக்கு முழுதாக நிற்கவில்லை. ஏற்கெனவே வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு இதையும் கொடுத்தால் கல்லீரல் பாதிப்பு வரலாம், க்ளோபசாம் என்ற இன்னொரு வலிப்பு மாத்திரையோடு கொடுத்தால் தூக்கம் அமுக்கும். அதனால் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கொடுக்க வேண்டிய மருந்து அது. அப்புறம், இணையத்தில் வாங்கும் பாட்டிலை நம்ப முடியாது. 2017-ல் அமெரிக்காவில் அப்படி விற்ற 84 பொருட்களைச் சோதித்தபோது, லேபிளில் சொன்ன அளவு சி.பி.டி. இருந்தது 26-ல்தான். 18-ல் டி.எச்.சி.யும் இருந்தது. பிள்ளையின் நரம்பியல் மருத்துவரிடம் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள், கொடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

பீடியாகச் சுற்றிப் புகைப்பது வேறு கதை. "மூலிகைதானே, ஒன்றும் ஆகாது" என்பதை நான் ஏற்கவே மாட்டேன். பதின்வயதில் தொடங்கித் தினமும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் ஆபத்து கூடுகிறது, குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் இன்னும் அதிகம். பழகிவிட்டால், நிறுத்தும்போது தூக்கம் வராது, எரிச்சல் வரும், பசி போய்விடும். இதை வாயால் சாப்பிட்டால் போதை ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு உருண்டை சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் உண்டு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பதே குற்றம். ஒரு கிலோ வரை "சிறிய அளவு" என்றாலும் ஓராண்டு வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வெளிநாட்டில் அனுமதி இருக்கிறதே என்று அங்கிருந்து வாங்கிவந்தால், இங்கே விமான நிலையத்திலேயே கைது செய்வார்கள்.