மென்டோனில் வேலை கிடைத்திருக்கும் தம்பிக்கு

"டெக்சாஸ் மென்டோனில் ஆயில்ஃபீல்டு வேலை. மக்கள்தொகை 22 என்று காட்டுகிறதே, பிழையா? வாடகை எவ்வளவு? விசா மாற்ற முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. விசாவுக்கு வக்கீலைப் பாருங்கள். வாடகையா? முதலில் அங்கே வீடு இருக்க வேண்டுமே!

22 சரிதான், 2020 கணக்கெடுப்பு. மென்டோன் இருக்கும் லவிங் கவுண்டி (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) முழுவதற்கும் 64 பேர். ஏறத்தாழ 1,750 சதுர கிலோமீட்டர், அதாவது நான்கு சென்னை மாநகராட்சி அளவு நிலத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து எழக்கூடிய கூட்டம். 1897இல் ஒரு தடவை கலைத்துவிட்டு 1931இல் மறுபடி உருவாக்கிய கவுண்டி அது. மென்டோன்தான் தலைநகர், ஆனால் மேயரும் கிடையாது, நகராட்சியும் கிடையாது. எதற்கும் கவுண்டி ஆபீஸ்தான், கவுண்டி போலீஸ் தலைவரான ஷெரிஃப்தான். பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைகள் பக்கத்துக் கவுண்டியில் உள்ள விங்க் ஊருக்குப் போகிறார்கள். ஆஸ்பத்திரியும் இல்லை.

அதற்காக அமைதியான ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கில் வருவது அங்கேயே குடியிருப்பவர்கள் மட்டும். எண்ணெய்க் கிணறுகளுக்கு வந்துபோகிற ஆயிரக்கணக்கானோரின் வீடு வேறெங்கோ இருக்கும். 302ஆம் நெடுஞ்சாலையில் மணல் லாரியும் தண்ணீர் லாரியும் வால் பிடித்துக்கொண்டு ஓடும். 285க்கு 'மரண நெடுஞ்சாலை' என்றே பெயர். விடியற்காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில், இரவெல்லாம் வேலை பார்த்தவன் பாதித் தூக்கத்தில் எதிரே வருவான். முந்திப் போகவே போகாதீர்கள். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. கிணற்றடியில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு. அந்த நாற்றம் சட்டென்று நின்றால் நிம்மதி அடையாதீர்கள், மூக்குதான் மரத்துப்போயிருக்கும். கேஸ் மானிட்டர் சட்டையிலேயே இருக்கட்டும்.

நான் வந்தபோது கம்பெனி சொன்ன 'தங்குமிடம்' ஒரு டிரெய்லர் வீட்டில் பாதி. அறையில் சமைக்கத் தடை. ரைஸ் குக்கரைப் பார்த்ததும் கேம்ப் மேனேஜர் வாங்கி ஆபீஸில் வைத்துக்கொண்டார். மெஸ்ஸில் மாட்டிறைச்சியும் பீன்ஸும். மறுபாதியில் இருந்த மெக்சிகோக்காரர் டார்ட்டியா ரொட்டியை மைக்ரோவேவில் சுட வைத்து நீட்டுவார், நான் அதில் அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயைத் தடவுவேன். கொஞ்ச நாளில் அவரே ஊறுகாய் பாட்டிலைத் திறந்துவிட்டு என்னை எழுப்புவார். இன்று சைட்டில் நான் பேசும் ஸ்பானிஷ் முழுக்க அவர் போட்ட பிச்சை. மார்ச் மாதப் புழுதிக் காற்றில் மூக்கில் ரத்தம் வந்தபோது வாசலின் தடவச் சொன்னதும் அவர்தான்.

குடும்பத்தோடு வருவதானால் டெக்சாஸிலேயே உள்ள ஒடெசா நகரத்தில் வீடு பாருங்கள். 120 கிலோமீட்டர் வரும், ஆனால் பள்ளி, ஆஸ்பத்திரி, மளிகை எல்லாம் உண்டு. ஹூஸ்டன் நண்பர்களிடம் மட்டும் யோசனை கேட்காதீர்கள். பொங்கல் விழாவுக்குப் போனால் "இன்னும் அந்தப் பாலைவனத்திலா?" என்று சிரிப்பார்கள். ஒடெசாவுக்குப் பக்கத்து நகரமான மிட்லாண்டைத் தாண்டி ஒரு மைல் வந்திருக்க மாட்டார்கள். அதில் பாதிப் பேருக்குச் சம்பளமே இந்தப் பாலைவனத்து எண்ணெயில்தான் ஓடுகிறது.