மண்டபத்துக் கடல் அட்டை ஆய்வும் முதுமை உயிரியல் போஸ்ட்டாக்கும்

மண்டபத்தில் கடல் அட்டையை ஆய்வு செய்த நீங்கள், முதுமை உயிரியலில் (உடல் ஏன், எப்படி மூப்படைகிறது என்று ஆராயும் துறை) போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, கேட்டு மின்னஞ்சல் அனுப்பியும் பதில் வரவில்லை, துறை மாற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். கடல் உயிரியல் முனைவர் பட்டத்தோடு முதுமை உயிரியலுக்குத் தாராளமாகப் போகலாம். மின்னஞ்சல்களுக்குப் பதில் வராததற்குக் காரணம், அநேகமாக நீங்கள் இங்கே போட்டிருந்த, அந்த மின்னஞ்சலின் முதல் பத்திதான். மண்டபம், பாக் நீரிணை, கடல் அட்டைப் பரவல் என்றே போகிறது. குடலைக் கக்கிவிட்டுச் சில வாரங்களில் புதுக்குடல் வளர்த்துக்கொள்ளும் உயிரல்லவா அது! முதுமையை ஆராய்பவர்களை ஈர்க்கக்கூடியது அதுதான்; அதை முதல் வரியில் வையுங்கள்.

அப்புறம் அந்தப் பத்தியை வேறு துறை நண்பரிடம் காட்டுங்கள். "இது மீன்வள ஆய்வா?" என்று கேட்டால் திரும்ப எழுதுங்கள்.

கொலோனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் முதுமை உயிரியல் நிறுவனத்தில், சில மாதங்களே வாழும் கில்லிஃபிஷ் மீனை வைத்து ஆய்வு நடக்கிறது. அது போன்ற இடங்களுக்கு எழுதும்போது, கடல் உயிர்களைத் தொட்டியில் பராமரித்த அனுபவம் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கடல் அட்டை 2001 முதல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்படும் உயிர். மாதிரி கொண்டுவருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள்.