கடலைப் புஞ்சைக்கு ரைஃபிள் வாங்கலாமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் முந்தல் பக்கம் கடலோரமாக எங்களுக்கு நான்கு ஏக்கர் புஞ்சை இருக்கிறது. கடலை போட்டிருக்கிறோம். சீமைக்கருவேலங்காட்டிலிருந்து ராத்திரியில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து வேரோடு கிளறிப் போட்டுவிடுகின்றன. ரைஃபிள் ஒன்று வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன். 22, 315, 30-06 என்ற இந்த மூன்று குண்டு அளவுகளில் பன்றிக்கு எது சரி? மதுரையில் ஒருவர் வெளிமாநில லைசென்ஸோடு சேர்த்து முடித்துத் தருவதாகச் சொல்கிறார், பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். இறந்துபோன அப்பாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கியும் பரணில் கிடக்கிறது. ஐயா வழி சொல்ல வேண்டும்.

பதில்: முதலில் அந்த முன்பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் எழுத்தில் கேட்டுத் திரும்ப வாங்குங்கள்.

நீங்கள் கேட்டது எந்த ரைஃபிள் என்றுதான், அதனால் அதையே முதலில் சொல்கிறேன். 22 என்பது அட்டைக் குறியில் சுட்டுப் பழகுகிறவர்களுக்கான குண்டு. வளர்ந்த ஆண் பன்றியின் தோள்பட்டைத் தோலும் கொழுப்பும் தடித்துக் கிடக்கும். அதில் 22 பட்டால் பன்றி சாகாது, காயத்தோடு கருவேலம் புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மறுநாள் காலை விறகுக்குப் போகும் பெண்மேல்தான் அது பாயும். 315, 30-06 இரண்டுக்கும் பன்றியைச் சாய்க்கும் வலு உண்டு. 315 நம் அரசுத் தொழிற்சாலைகளில் செய்த ரைஃபிள். வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத்தின் 303 குண்டு பொதுமக்கள் கையில் இருக்கக்கூடாது என்றார்கள், அதனால்தான் இந்த அளவு இந்தியாவில் வேரூன்றியது. 303 இன்றைக்கும் தடை செய்யப்பட்ட ரகம். யாராவது மலிவாகத் தருகிறேன் என்று அதைக் காட்டினால் தொடக்கூட வேண்டாம்.

வலு இருப்பதுதான் இங்கே வில்லங்கம். மேற்கே மலைச்சரிவில் சுட்டால் தவறிய குண்டு மண்ணில் புதையும். உங்கள் புஞ்சையில் அதைத் தடுக்க என்ன இருக்கிறது? ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை, நடுவில் பனையும் உடைமரமும். கண்மாய்க் கரையை விட்டால் மேடே கிடையாது. 22 குண்டே ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். 315 அதைவிட வேகமும் பல மடங்கு கனமும் உள்ளது, தவறினால் அடுத்த ஊர் வரைக்கும் போகும். ராத்திரி இரண்டு மணிக்கு வலை ஏற்றிக்கொண்டு கரைக்குப் போகிறவர்கள் இருக்கிற ஊர் இது. டார்ச் வெளிச்சத்தில் பன்றியின் கண் மட்டும்தான் தெரியும், அதற்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது.

சட்டமும் இதையே சொல்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று தனியாக எழுதியிருக்கிறார்கள். அதன்படி கிடைப்பது குழல் வாய் வழியாக மருந்தை இடித்து நிரப்பும் துப்பாக்கி, லைசென்ஸ் தாளில் எஸ்.பி.எம்.எல் என்று போடுவார்கள். அது போதாது என்று உரிமம் தரும் அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால், உட்குழல் வழவழப்பான வேறு துப்பாக்கி தரலாம். நடைமுறையில் அது 12 போர் ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல். உள்ளே மறை வெட்டிய ரைஃபிளைப் பயிர்க் காவலுக்கு என்று அந்தப் பிரிவு எங்கும் சொல்லவில்லை. கடலையைக் காக்க 315 லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்று எவராவது சொன்னால், அவருக்குச் சட்டம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

12 போரைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய குண்டு போட்ட தோட்டாவானாலும் முப்பது முப்பத்தைந்து மீட்டருக்குள்தான் நம்பலாம், அதற்கு மேல் குண்டுகள் சிதறிப்போகும். இந்தக் கரைக்கு அந்தக் குறைதான் பாதுகாப்பு. மருந்து இடிக்கும் துப்பாக்கியை உப்புக்காற்றில் வைத்துக் காப்பாற்றுவது பெரும்பாடு. கருமருந்துப் புகைக்கரி ஈரத்தை இழுக்கும், ஒரு ராத்திரி துடைக்காமல் விட்டால் குழல் உள்ளே அரிக்க ஆரம்பித்துவிடும்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயம். துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருப்பது வேறு, பன்றியைச் சுட அனுமதி இருப்பது வேறு. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி அந்தச் சட்டம் பாதுகாக்கும் உயிரினங்களின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிரை அழிக்கிறது என்று தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்தில் உத்தரவு போட்டால்தான் சுடலாம். உத்தரவு இல்லாமல் சுட்டால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். குறி தவறி மயில் மேல் பட்டால் கதையே வேறு. மயில் முதல் அட்டவணை, குறைந்தது மூன்று வருடம் உள்ளே. நம் பக்கம் கடலைப் புஞ்சையில் பன்றியை விட மயில் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறை வகுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடவே கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்றைத் தாண்டினால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள். விவசாயி கையில் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. உங்கள் புஞ்சை எந்த வளையத்தில் விழுகிறது என்பதை வனச்சரக அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்துக் கேளுங்கள். கருவேலம் அடர்ந்திருக்கிறது என்பதற்காக ஓர் இடம் காப்புக்காடு ஆகிவிடாது.

இன்னொன்று நம் மாவட்டத்துக்கே உரியது, தரகர்கள் யாரும் வாயே திறக்காதது. அதே வன உயிரினச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத உரிமம் தரவேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும் என்கிறது. தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். உங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள். எதிரே கடலில் நல்லதண்ணித் தீவு, மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. உள்ளே போனால் மேலச்செல்வனூர் கீழச்செல்வனூர், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று வரிசையாகப் பறவைகள் சரணாலயம். இந்தக் கரையில் அந்தப் பத்துக் கிலோமீட்டருக்குத் தப்பும் ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த ஒப்புதல் இல்லாமல் மனு கலெக்டர் ஆபீஸில் வருடக்கணக்கில் தூங்கும். ஏன் தூங்குகிறது என்று மனுதாரரிடம் யாரும் சொல்வதும் இல்லை. விதிப்படி போலீஸ் அறிக்கை 30 நாளில் வரவேண்டும், அது வந்தபின் 60 நாளில் முடிவு எடுக்க வேண்டும். முடியாது என்றால் முடியாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதில் என்ன கஷ்டம்? அந்தத் தாள் இருந்தால் மேல்முறையீடு செய்யலாம். அதைக் கொடுக்காமல் அலைய விடுவதால்தான் தரகர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது.

இப்போது உங்கள் மதுரைக்காரருக்கு வருகிறேன். வெளிமாநில லைசென்ஸ் என்றால் நடப்பது இதுதான். எங்கோ ஒரு மாநிலத்தில் நீங்கள் குடியிருப்பதாக ஒரு முகவரி தயாராகும். அந்தப் பொய் உறுதிமொழியில் கையெழுத்து உங்களுடையது, தரகருடையது இல்லை. ஜம்மு காஷ்மீரில் 2012க்கும் 2016க்கும் இடையே கொடுத்த 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட லைசென்ஸ்கள் சி.பி.ஐ விசாரணைக்குப் போயின. அங்கே கால் வைத்தே பார்க்காதவர்கள் பெயரிலும் லைசென்ஸ் இருந்தது என்பதுதான் வழக்கு. லைசென்ஸ் செல்லாது என்று ஆனால் உங்கள் கையில் இருப்பது உரிமமில்லாத துப்பாக்கி. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது இரண்டு வருடம், அதிகம் ஐந்து வருடம். இப்படி மாட்டியவர்கள் என்னிடம் வரும்போது கையில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் கலர் ஜெராக்ஸ் எடுத்த லைசென்ஸ் புத்தகம். தேசிய ஆயுத உரிமப் பதிவில் அந்த எண்ணைத் தேடினால் வேறு ஒருவர் பெயர் வரும், அல்லது எதுவுமே வராது. பணம் வாங்கியவரின் போன் அதற்குள் அணைந்திருக்கும்.

லைசென்ஸே தேவையில்லை, ஏர் ரைஃபிள் போதும் என்று சொல்கிறவர்கள் அடுத்த ரகம். 4.5 மில்லிமீட்டருக்கு மேல் குழல் அளவோ 20 ஜூலுக்கு மேல் வேகவலுவோ இருந்தால் அதற்கும் லைசென்ஸ் வேண்டும். அதற்குக் கீழே உள்ளது பன்றிக்குக் கொசுக்கடி. நாட்டு வெடி, மின்சாரக் கம்பி என்று பேச்சு எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வயலில் கட்டிய கம்பியில் மனிதர்களும் செத்துக் கிடக்கிறார்கள், கட்டியவர்மேல் கொலை ஆகாத மரண வழக்கு வரும்.

அடுத்து உங்கள் கடிதத்தின் கடைசியில் வரும் அப்பாவின் துப்பாக்கி. உங்களுக்கு அது சின்ன விஷயமாகத் தெரிகிறது. எனக்கு முதலில் அதைப் பார்த்துத்தான் திக்கென்றது. அப்பா லைசென்ஸோடு வைத்திருந்த துப்பாக்கியாகவே இருந்தாலும், அந்த லைசென்ஸ் அவரோடு முடிந்துவிட்டது. அவர் இறந்த பிறகு அது பரணில் கிடப்பது உரிமமில்லாத ஆயுதம் வைத்திருப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவின்படி தாமதமில்லாமல் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். இன்றைக்கே செய்யுங்கள். ஆனால் நீங்களே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகாதீர்கள். ஸ்டேஷனுக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, அவர்கள் ஆளை வரச்சொல்லுங்கள், அல்லது எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். குழலை மடக்கிப் பார்க்கலாமா, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று சோதிக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். இத்தனை நாள் உப்புக்காற்றில் கிடந்த துப்பாக்கியில் குழல் அடிப்பக்கம் துருவேறி, சுத்தியல் ஸ்பிரிங் எந்த நேரத்தில் நழுவும் என்று சொல்ல முடியாது. பழைய காகிதக் கூட்டுத் தோட்டாக்கள் பெட்டியில் இருந்தால் அவை ஈரத்தில் உப்பியிருக்கும், பித்தளை அடியில் பச்சை பூத்திருக்கும். அவற்றையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுத் தோட்டாவை வீட்டில் வைத்துக்கொண்டால் அதுவும் குற்றம்.

ஒப்படைக்கும்போது ரசீது வாங்குங்கள். குழலில் வெட்டியிருக்கும் எண், செய்த கம்பெனி, தோட்டா எண்ணிக்கை மூன்றும் அதில் இருக்கவேண்டும். ரசீது புத்தகம் தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்க என்பார்கள். அசையாதீர்கள். அடுத்து வாரிசுச் சான்றிதழோடு, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தோடு உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு மனு போடலாம். 2016 ஆயுத விதிகளின் 25ஆம் விதி இதற்கு இடம் தருகிறது. அப்பா உயிரோடு இருந்தபோதே செய்திருக்கலாம்: 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, உரிமதாரரே வாரிசைக் குறித்துக் கொடுக்கலாம். இந்தப் பத்தியைப் படிக்கும் பெரியவர்கள் வீட்டில் பழைய டபுள் பேரல் இருந்தால், பிள்ளைகளை உட்காரவைத்து இதைச் செய்துவிடுங்கள். ஸ்டேஷனில் கொடுத்தால் திரும்ப வராது, என்னிடம் இவ்வளவுக்குத் தள்ளிவிடு என்று ஒருவர் கட்டாயம் வருவார். அவர் சொல்லும் விலை இரும்பு விலை. லைசென்ஸ் இல்லாதவரிடம் விற்றால் நீங்கள்தான் குற்றவாளி.

பன்றிக்கு என்ன வழி என்பீர்கள். அடங்கல், பட்டா நகல், அழிந்த பயிரின் போட்டோ, கால்தடம் தெரிகிற படம் இவற்றோடு வனச்சரகருக்கு மனு கொடுங்கள், நகலை வி.ஏ.ஓவுக்கும் வேளாண்மை உதவி அலுவலருக்கும் கொடுங்கள். இழப்பீட்டுக்கும் இதே தாள்கள்தான் வேண்டும். ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் எடுபடும், தனி மனுவை மூட்டையில் போட்டுவிடுவார்கள். வனத்துறை கருவேலங்காடு எங்களுடையது இல்லை, வருவாய்த்துறை நிலம் என்பார்கள். வருவாய்த்துறை பன்றி எங்களுடையது இல்லை என்பார்கள். இந்தப் பேச்சை நான் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். இடம் யாருடையதாக இருந்தாலும் காட்டுப்பன்றியைப் பற்றிய உத்தரவு வனத்துறையின் வேலை. ஆகவே பதிலை வாய்மொழியாக ஏற்காதீர்கள், மனு எண் வாங்குங்கள். மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லி, உங்கள் ஊருக்குச் சுடும் குழு என்றைக்கு வரும் என்று கலெக்டர் முன்னால் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கும் போய் அதே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.